8 நிமிடம் தா

திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் அக்கா போனைத் தொடுகிற ஆள் இல்லை. அதனால் வண்டி எங்கோ நின்றுவிட்டது என்றுதான் வாலு நினைத்தாள்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லடி. கடைசி ஸ்டாப்ல நிக்கிறேன். கீழ இறங்கி முன்னாடி வந்து பாத்தா, வண்டி நெத்திப் பலகையில 'மதம்'னு போட்டிருக்கு."

"என்ன போட்டிருக்கு?"

"மதம். யானைக்குப் பிடிக்குமே, அது. துறைமுகம்னு இருக்க வேண்டிய இடத்துல மதம்னு எரியுது. நாலு ஸ்டாப்பா ஜனங்க என்னைப் பாத்து ஏன் சிரிச்சாங்கன்னு இப்பதான் புரியுது."

வாலுவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே சிரிப்பு நின்றது. ஏனென்றால் அந்தப் பலகை அவள் வேலை பார்க்கும் கம்பெனி செய்தது. அதற்குள் ஓடும் நிரலை ஒரு வரி விடாமல் எழுதியவள் அவள்தான்.

பள்ளிச் சான்றிதழில் அவளுக்கு நீளமான, அழகான பெயர் ஒன்று இருக்கிறது. யாரும் கூப்பிட்டதில்லை. நாலு வயதில் அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மீன்தொட்டிக்குள் போட்ட நாளிலிருந்து அவள் வாலு. இப்போது முப்பத்திரண்டு வயதாகிறது, அலுவலகத்திலும் வாலுதான். அக்கா ஆறு வயது மூத்தவள். பதினோரு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறாள். இப்போது பதினான்காம் எண், காலைச் சுற்று.

மூன்று வாரத்துக்கு முன்புதான் அந்த டிப்போவின் அறுபது பேருந்துகளிலும் புதுப் பலகைகளைப் பொருத்தினார்கள். முன்நெற்றியில் ஒன்று, வண்டி எங்கே போகிறது என்று காட்ட. உள்ளே ஒன்று, அடுத்த நிறுத்தத்தின் பெயரையும், வண்டி தாமதமாக ஓடினால் எத்தனை நிமிடம் தாமதம் என்பதையும் ஓடவிட. இரண்டுக்கும் சேர்த்து ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி. வாலுவின் நிரல் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு டயர் கடைக்கு மேலே நீளமான ஓர் அறை, ஆறு பேர். எந்நேரமும் ரப்பர் வாசனையும் ஈயம் உருகும் வாசனையும் கலந்து வரும். முதலாளியம்மாவை எல்லோரும் மேடம் என்பார்கள். மேடம் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கையில் பற்றவைக்கும் கோலோடு ஏதாவது ஒரு மேசைக்கு மேல் குனிந்துகொண்டிருப்பார்.

"ஆபீஸ்ல வச்சு ஓட்டிப் பாரு," என்றார் மேடம், தலையைத் தூக்காமல்.

வாலு சுவரில் மாட்டியிருந்த சோதனைப் பலகைகளை ஓடவிட்டாள். பதினான்காம் எண்ணின் இருபத்திரண்டு நிறுத்தங்களும் வரிசையாக வந்தன, போயின. நெற்றிப் பலகை 'துறைமுகம்' என்று கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. ஆறு முறை ஓட்டினாள். ஒன்றும் ஆகவில்லை.

மதியம் டிப்போ மேலாளர் பேசினார். அவரை ஊர் முழுக்கக் கடிகாரம் என்பார்கள். அவரிடம் ஒரு நிமிடம் என்றால் அறுபது விநாடிதான், அறுபத்தோராவது விநாடி கிடையாது.

"எனக்கு ரெண்டு புகார் வந்திருக்கு," என்றார். "ஒருத்தர் பஸ் நெத்தியில மதம்னு இருந்துச்சுங்கறாரு. இன்னொருத்தர், போன வாரம் ரெண்டு காலிக் கட்டமும் அதுக்குப் பக்கத்துல 'தம்'னும் இருந்துச்சாம். டிரைவர் தம் அடிக்கப் போயிட்டாரான்னு கேக்கறாரு. என் டிரைவர் ஒரு அம்மா. எனக்கு எப்படி இருக்கும்?"

"சார், நாங்க பாத்துக்கிட்டிருக்கோம்."

"பாருங்க. வெள்ளிக்கிழமை காலைச் சுற்றுல நானே வந்து உக்காருவேன். அன்னிக்கும் இந்த மாதிரி எதையாவது காட்டுச்சுன்னா, திங்கட்கிழமை அறுபது வண்டியிலயும் பலகையைக் கழட்டிடுவேன்."

போனை வைத்ததும் மேடம் முதல்முறையாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். வாலு அதைப் பார்த்துத்தான் பயந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் பேருந்தில், ஓட்டுநருக்கு நேர் பின் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"டிக்கெட் எடுத்தியா?" என்றாள் அக்கா, கண்ணாடியில் பார்த்து.

"நான் பலகையை ரிப்பேர் பண்ண வந்திருக்கேன்."

"அதுக்கென்ன, டிக்கெட் எடுத்துட்டுப் பண்ணு."

ஏழாவது நிறுத்தம் வரை எல்லாம் சரியாக இருந்தது. வண்டி விநாடி பிசகாமல் ஓடியது. எட்டாவது நிறுத்தம் நீச்சல்குளம். கதவு திறந்ததும் குளோரின் வாசனை முதலில் ஏறியது. பின்னாலேயே அம்மா ஏறினாள்.

அம்மாவுக்கு அறுபத்து நாலு. போன வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். கூடப் பதினோரு பேர், எல்லாரும் ஏறக்குறைய அதே வயது. தினமும் காலை குளித்து, நனைந்த தலையைத் துண்டால் முடிந்துகொண்டு, ஆளுக்கொரு பெரிய பையோடு இந்தப் பேருந்தில்தான் வீட்டுக்குப் போவார்கள். இரண்டு பேர் கையில் ஊன்றுகோல். ஒருவருக்குச் சக்கர நாற்காலி. அதற்குச் சாய்தளத்தை இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும், நாற்காலியைப் பட்டையால் கட்ட வேண்டும். இதற்கு நடுவில் யாராவது ஒருத்தி நீச்சல் கண்ணாடியை மறந்துவிட்டு உள்ளே ஓடுவாள். எல்லோரும் உட்கார்ந்து, "நாங்க ரெடி" என்று அம்மா குரல் கொடுத்த பிறகுதான் அக்கா கியரைத் தொடுவாள்.

"ஏண்டி, நீ இங்க என்ன பண்றே?" என்றாள் அம்மா.

"வேலைம்மா."

"வேலைன்னா ஆபீஸ்ல உக்காந்து பண்ணு. இது ஊன்றுகோல் வச்சிருக்கவங்க உக்கார்ற இடம், எந்திரி."

வாலு எழுந்து நின்றாள். வண்டி நகர்ந்தது. உள்பலகையில் அடுத்த நிறுத்தம் ஓடியது: 'பழைய நகராட்சி நூலகம் கிழக்கு வாசல் - 12 நிமிடம் தாமதம்'. எழுத்துப் பிசகாமல் முழுசாக வந்தது. ஆனால் நூலக நிறுத்தத்தில் குதித்து இறங்கி முன்னால் ஓடிப் பார்த்தால், நெற்றியில் பளிச்சென்று 'மதம்'.

"பாத்தியா!" என்று அக்கா ஜன்னல் வழியாகக் கத்தினாள், ஏதோ பரிசு வாங்கியவள் போல.

புதன்கிழமையும் வாலு போனாள். அன்றைக்கு யாரும் கண்ணாடியை மறக்கவில்லை, வழியில் ஒரு சிவப்பு விளக்கும் பிடிக்கவில்லை. உள்பலகை '7 நிமிடம் தாமதம்' என்றது. நெற்றியில் இரண்டு காலிக் கட்டங்கள், பிறகு 'தம்'.

அவள் மறுபடி ஏறவில்லை. அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "வர்றியா இல்லையா?" என்று கேட்டபோது கையை மட்டும் ஆட்டினாள். பேருந்து போய்விட்டது. வாலு நூலகத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து, பையில் கிடந்த மின்கட்டண உறையைக் கிழித்து விரித்து, அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்.

நேற்று பன்னிரண்டு நிமிடம், மதம். இன்று ஏழு நிமிடம், தம். பன்னிரண்டுக்கு இரண்டு இலக்கம், ஏழுக்கு ஒன்று. வித்தியாசம் ஒரே ஒரு இடம்.

சி என்னும் கணினி மொழியில் துண்டு துண்டான சொற்களையும் எண்களையும் கோத்து ஒரே வரியாக்கித் தரும் கட்டளை ஒன்று உண்டு. எஸ்பிரிண்ட்எஃப் என்று பெயர். நிறுத்தத்தின் பெயரைக் கொடு, நிமிடத்தைக் கொடு, நினைவகத்தின் எந்தப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று காட்டு, வைத்துவிடும். பெட்டி எவ்வளவு பெரியது என்று மட்டும் கேட்காது. நிறைந்த பிறகும் வைத்துக்கொண்டே போகும். நினைவகத்தில் அதற்கு அடுத்து எது இருக்கிறதோ அதன் தலைமேல் மிச்சம் போய் விழும்.

உள்பலகை வரியின் பெட்டிக்கு வாலு ஒதுக்கியிருந்தது 128 இடம். அடுத்து ஒட்டினாற்போல் இருந்தது நெற்றிப் பலகையின் பெட்டி.

ஒரு தமிழ்க் குறிக்குக் கணினியில் மூன்று இடம் வேண்டும். நாம் 'நூ' என்று ஒரே எழுத்தாகப் பார்ப்பது அதற்கு இரண்டு குறி: 'ந' ஒன்று, அதன் கொக்கி ஒன்று. ஆக ஆறு இடம். இடைவெளிக்கும் எண்ணின் இலக்கத்துக்கும் ஒவ்வோர் இடம் போதும். அவள் விரல் விட்டு எண்ணினாள். 'பழைய நகராட்சி நூலகம் கிழக்கு வாசல்' முப்பது குறி, நாலு இடைவெளி. தொண்ணூற்று நாலு. கோடு, எண், நிமிடம், தாமதம் எல்லாம் சேர்த்து நூற்று நாற்பது. வரி முடிந்தது என்று சொல்லும் ஒரு முற்றுக்குறி. நூற்று நாற்பத்தொன்று.

பதின்மூன்று வெளியே வழிந்திருக்கிறது. அவள் வரியின் கடைசியிலிருந்து பதின்மூன்றைப் பின்னோக்கி எண்ணி ஒரு கோடு கிழித்தாள். 'தா' இந்தப் பக்கம் நின்றது. 'மதம்' அந்தப் பக்கம் போனது. நான்கு குறி, பன்னிரண்டு இடம், முற்றுக்குறி ஒன்று. அச்சடித்த மாதிரி.

ஏழு நிமிடம் என்றால் ஓர் இலக்கம் குறைவு. வரி ஓர் இடம் சுருங்கும். 'ம'வின் முதல் மூன்றில் ஒரு பங்கு இங்கே மாட்டிக்கொள்ளும். மற்ற இரண்டு பங்கும் அந்தப் பக்கம் போய் அர்த்தமில்லாத இரண்டு கட்டமாக நிற்கும். அப்புறம் 'தம்'.

வாலு எழுந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கி, "ஆஹா!" என்று கத்தினாள். நூலக வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர், "என்னம்மா, பாஸாயிட்டியா?" என்றார்.

"பாஸாகல சார், தப்புப் பண்ணியிருக்கேன்! என்ன தப்புன்னு கண்டுபிடிச்சுட்டேன்!"

"ரொம்ப சந்தோஷம்," என்றார் அவர், உண்மையிலேயே சந்தோஷமாக.

மதியம் சாப்பாட்டுக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு. சுற்று முடிந்து அக்காவும் வந்திருந்தாள். வாலு உறையை மேசையில் விரித்து, தட்டையெல்லாம் தள்ளிவிட்டுச் சொன்னாள். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"எங்க லாக்கர் ரூம் மாதிரியா?" என்றாள். "எனக்கு நாலு கதவு குடுத்திருக்காங்க. நான் அஞ்சாவது கதவையும் திறந்து என் துண்டை வைக்கிறேன். அங்க வேற யாரோட சட்டையோ இருக்கு, அது கீழ விழுந்துடுது."

"அதேதாம்மா! அந்தச் சட்டைதான் துறைமுகம்!"

"இந்த ஸ்டாப்புக்கு முன்னெல்லாம் நூலகம்னுதானே பேரு?" என்றாள் அக்கா.

"ஆமா. புது நூலகம் வேற இடத்துல திறந்துட்டாங்க இல்ல, அதனால போன மாசம் பேரை மாத்தி அனுப்புனாங்க. இவ்வளவு நீளமா ஒரு பேரு வைப்பாங்கன்னு நான் கனவுலகூட நினைக்கல. ஆபீஸ்ல ஏன் பிடிபடலன்னா, மேசை மேல நிக்கிற பஸ் எப்பவும் லேட் ஆகாது. தாமதம்ங்கற வார்த்தையே அங்க வந்ததில்ல."

"மத்த வண்டி எதுலயும் இது வரலையே?"

"மத்த வண்டி எதுவும் இந்த ஸ்டாப்புக்கு லேட்டாவே வரலையே," என்று சொல்லிவிட்டு வாலு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பேருக்கு ஏத்த மாதிரிதான் எழுதியிருக்க. வால் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது."

சாயங்காலமே வாலு நிரலைத் திருத்தினாள். எஸ்பிரிண்ட்எஃப்புக்கு ஒரு தங்கை உண்டு. நடுவில் ஓர் 'என்' சேர்ந்தது, எஸ்என்பிரிண்ட்எஃப். அதனிடம் பெட்டியின் அளவையும் சொல்லிவிடலாம். அளவுக்கு மேல் ஒரு துளி வைக்காது, அறுத்துவிடும். ஒரு வரியை அழித்து ஒரு வரி எழுதினாள். பன்னிரண்டு நிமிடம் தாமதம் என்று பொய்யாகக் கொடுத்து ஓட்டினாள். நெற்றிப் பலகை 'துறைமுகம்' என்றே நின்றது. அதைப் பார்த்த சந்தோஷத்தில், உள்பலகையில் வரி முழுசாக ஓடி முடிவதற்குள்ளேயே மேடத்தைக் கூப்பிட ஓடிவிட்டாள்.

"முதல்ல உங்க அக்கா வண்டியில மட்டும் போடு," என்றார் மேடம். "நாளைக்கு ஓடட்டும். அப்புறம் மத்ததுல போடலாம்."

வியாழக்கிழமை ஒன்பதரை மணிக்கு அம்மா ஒரு படம் அனுப்பினாள். பேருந்தின் உள்பலகை. கீழே பதினோரு நனைந்த தலைகள், எல்லா வாயிலும் சிரிப்பு. பலகையில் இருந்தது:

'பழைய நகராட்சி நூலகம் கிழக்கு வாசல் - 8 நிமிடம் தா'

வாலு லேப்டாப்பின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். எழுந்திருக்கும்போது விசைப்பலகையில் எண்பது 'ல' விழுந்திருந்தது.

உடனே அம்மாவே பேசினாள். "இது யாருடி எழுதுனது? நீயா? ரொம்ப நல்லா இருக்கு!"

"அம்மா, அது தாமதம். பாதியில வெட்டுப்பட்டிருக்கு."

"என்னவோ இருக்கட்டும். எங்க ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பஸ்ஸே வாயைத் திறந்து கேக்குது பாரு, எட்டு நிமிஷம் குடுன்னு. நாங்க ஏறி உக்கார நேரம் வேணுமில்ல? உங்க அக்கா தினமும் எங்களுக்காக நின்னு நின்னு லேட்டாகறா, பேச்சு வாங்கறா. நாங்க ஒரு மனு எழுதப் போறோம்."

"மனுவா?"

"எட்டு நிமிடம் தாருங்கள்னு. அதிகாரிகிட்ட போயி 'தா'ன்னு ஒருமையில கேக்க முடியுமா? பஸ் கேக்கலாம், நாம கேக்கக் கூடாது."

மேடம் பின்னால் நின்று படத்தைப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்த பிறகு சொன்னார்: "பெட்டியை இருநூத்தம்பத்தாறா ஆக்கிடேன். தீந்துது."

"அடுத்த மாசம் இன்னும் நீளமா ஒரு பேரு அனுப்புவாங்க மேடம்."

"அப்ப என்ன பண்ணலாம்?"

வாலு அந்த ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஸ்என்பிரிண்ட்எஃப் வேலையை முடித்ததும் சும்மா போவதில்லை. திரும்பி வந்து ஓர் எண் சொல்லும். முழு வரியையும் வைக்க எத்தனை இடம் தேவைப்பட்டிருக்கும் என்ற எண். 'எனக்கு நூற்று முப்பத்தொன்பது வேண்டியிருந்தது, நீ கொடுத்தது போதவில்லை' என்று நேர்மையாகச் சொல்லியிருக்கிறது. அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. அந்த எண்ணை வாங்கி வைக்க ஒரு மாறிகூட அவள் எழுதியிருக்கவில்லை.

"மேடம், இது எங்கிட்ட சொல்லியிருக்கு. நான்தான் கேக்கல."

"சரி, இப்ப கேளு."

அவள் கேட்டாள். திரும்பி வரும் எண் எதிர்மறையாக இருந்தால் ஏதோ பிழை, வரியைக் காட்டாதே. பெட்டியின் அளவுக்குச் சமமாகவோ அதற்கு மேலோ இருந்தால் வரி வெட்டுப்பட்டிருக்கிறது. அப்போது இரண்டாகப் பிரித்து, ஒரு முறை நிறுத்தத்தின் பெயர், ஒரு முறை தாமதம் என்று மாற்றி மாற்றிக் காட்டு. அந்தப் பெயரே தனியாகப் பெட்டிக்குள் அடங்காவிட்டால், முழு எழுத்து முடிகிற இடத்தில் மட்டும் வெட்டு; ஓர் எழுத்தின் காலையும் கொம்பையும் பிய்க்காதே. பத்து வரி ஆனது. இந்த முறை சுவர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பூஜ்யம் நிமிடத்திலிருந்து நூற்று இருபது நிமிடம் வரை ஒவ்வொன்றாக ஓட்டி, இரண்டு பலகைகளையும் கடைசி எழுத்து வரை பார்த்தாள். வேண்டுமென்றே முந்நூறு எழுத்தில் ஒரு நிறுத்தத்தின் பெயரையும் உருவாக்கிக் கொடுத்தாள். மேடம் அதற்குத் தன் மாமியார் வீட்டு முகவரியைச் சொல்லித் தந்தார். பலகை அசரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடிகாரம் முதல் நிறுத்தத்திலேயே ஏறினார். சட்டைப்பையில் பேனா, கையில் நிறுத்துக்கடிகாரம். ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் அமர்ந்தார். வாலு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். அக்கா கண்ணாடியில் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

நீச்சல்குளத்தில் கதவு திறந்தது. டிக் என்று அவர் பொத்தானை அழுத்தியது வாலுவுக்குக் கேட்டது. ஊன்றுகோல்கள் ஏறின. பைகள் ஏறின. அக்கா இறங்கிப்போய்ச் சாய்தளத்தை இறக்கினாள், சக்கர நாற்காலியைத் தள்ளி ஏற்றினாள், மண்டியிட்டுப் பட்டையைக் கட்டினாள். ஒருவர் நீச்சல் தொப்பியை மறந்து உள்ளே ஓடினார். அவருடைய பை படிக்கட்டில் கிடந்தது. கடிகாரம் சிறிது நேரம் அந்தப் பையையே பார்த்தார். பிறகு எழுந்து, அதைத் தூக்கி, தண்ணீர் சொட்டச் சொட்டத் தன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நாங்க ரெடி!" என்றாள் அம்மா.

டிக்.

வண்டி நகர்ந்தது. உள்பலகையில் 'பழைய நகராட்சி நூலகம் கிழக்கு வாசல்' என்று ஓடியது. முடிந்தது. அடுத்து, '8 நிமிடம் தாமதம்' என்று முழுசாக ஓடியது. நூலகத்தில் கடிகாரம் இறங்கி முன்னால் போய் நெற்றியைப் பார்த்தார். 'துறைமுகம்'. தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி ஏறினார். வாலு மூச்சை விட்டாள்.

ஏறியவர் உட்காரவில்லை. "தினமும் நீச்சல்குளத்துல எவ்வளவு நேரம் நிறுத்தறீங்க?" என்று அக்காவிடம் கேட்டார்.

"எல்லாரும் உக்கார்ற வரைக்கும் சார்."

"அட்டவணையில ஒரு நிமிஷம்தான் இருக்கு."

"அந்த அட்டவணையைப் போட்டவரு, இவங்க ஏறுறதை ஒரு நாளும் பாத்திருக்க மாட்டாரு சார்."

"நான்தாம்மா போட்டேன்."

அம்மா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டிருந்த மனுவை நீட்டினாள். "அதனாலென்னங்க, இன்னிக்குத்தான் பாத்துட்டீங்களே. இந்தாங்க. முப்பத்தாறு கையெழுத்து. உறை மட்டும் கொஞ்சம் ஈரம், உள்ள காஞ்சுதான் இருக்கு."

அவர் மனுவை நின்றபடியே படித்தார். தலைப்பைப் படிக்கும்போது மீசை லேசாக அசைந்தது. பிறகு கையிலிருந்த நிறுத்துக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எட்டு நிமிஷம் ஐம்பது செகண்ட் ஆச்சு. அட்டவணையில ஒண்ணு ஏற்கெனவே இருக்கு. எட்டு சேத்தா ஒன்பது." பேனாவை எடுத்து மனுவின் ஓரத்தில் குறித்தார். "அடுத்த திங்கள்லேருந்து மாத்திடறேன். பத்து செகண்ட் மிச்சமாகும். அதை நீங்களே வச்சுக்குங்க."

பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். ஊன்றுகோல் பிடித்திருந்தவர்கள் ஒரு கையால் தொடையில் தட்டினார்கள். அக்கா கண்ணாடியில் அப்போதுதான் வாலுவைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் ஹாரனை ஒரு முறை, சின்னதாக, தேவையே இல்லாமல் அடித்தாள்.

இறங்கும்போது கடிகாரம் வாலுவிடம் வந்தார். "பலகை இருக்கட்டும்," என்றார். "ஆனா எனக்கு ஒரு சந்தேகம். இதே மாதிரி தப்பு உள்ள வேற எங்கயும் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார்," என்றாள் வாலு. "இன்னிக்கு முழுக்க அதைத்தான் தேடப் போறேன்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது போலத் தெரிந்தது.

தேடினாள். மொத்த நிரலிலும் எஸ்பிரிண்ட்எஃப் நாற்பத்து மூன்று இடங்களில் இருந்தது. பாதிக்கு மேல் ஒன்றும் ஆகாத இடங்கள்; மணியும் நிமிடமும் மட்டும் எழுதுபவை. ஆனாலும் அவள் ஒன்றையும் விடவில்லை. மேடம் கோலைத் தாங்கியில் செருகிவிட்டுப் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். "பெட்டி எவ்வளவு?" என்பார். "அறுபத்து நாலு." "அதிகபட்சம் எவ்வளவு வரும்?" "எழுபது." "ஐயோ!" மற்ற நான்கு பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து, கிரிக்கெட் பார்ப்பது போல நின்றார்கள். நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் இத்தனை நாளாக மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கைகளை எழுதித் தள்ளிக்கொண்டிருந்தது. தொந்தரவாக இருக்கிறது என்று எப்போதோ அடைத்து வைத்திருந்தார்கள். அதைத் திறந்துவிட்டார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது. மாலை ஐந்தரைக்குப் பூஜ்யம் வந்தது. மேடம் ஒரு சுற்று ஆடினார். கீழே டயர் கடைக்காரர், மேலே என்ன இடிக்கிறது என்று பார்க்க ஏறி வந்தார். அவருக்கும் தேநீர் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை புது அட்டவணை நடைமுறைக்கு வந்தது. வாலுவுக்கு அன்றைக்குப் பேருந்தில் ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறினாள். நீச்சல்குளத்தில் அன்று இரண்டு பேர் வரவில்லை, ஒருவரும் எதையும் மறக்கவுமில்லை. நூலக வாசலுக்கு வண்டி இரண்டு நிமிடம் முன்னதாகவே வந்து நின்றது. நேரம் ஆகாமல் கிளம்பக் கூடாது.

அக்கா கையை ஸ்டியரிங்கில் வைத்தாள், எடுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள், சரியாகத்தான் இருந்தது. பதினோரு வருடத்தில் முதல் முறையாக, செய்ய ஒரு வேலையும் இல்லாமல், நடுவழியில் கீழே இறங்கினாள். வாலுவும் பின்னாலேயே இறங்கினாள். இரண்டு பேரும் பேருந்தின் பக்கவாட்டில், வெயில் படும் இடத்தில் சாய்ந்து நின்றார்கள்.

"இப்ப என்னடி பண்றது?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் பண்ண வேண்டாம். ரெண்டு நிமிஷம் இருக்கு."

"ரெண்டு நிமிஷம் முழுசாவா?"

"முழுசா."

உள்ளேயிருந்து அம்மா ஜன்னலைத் தள்ளித் திறந்து, "ஏண்டி, வண்டி கிளம்பலையா? எங்களுக்கு லேட்டாகுது!" என்று சத்தம் போட்டாள். அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்தார்கள்.